முதலாமாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டியாகப் பயிற்சி: இரண்டு நாள் வகுப்பில் விடுபட்டது என்ன?

வைகைக்கரையாள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாமாண்டுக்குள் நுழையும் மாணவி, மின்னணுவியல் துறை. புதிதாகச் சேரவிருக்கும் முதலாமாண்டு மாணவர்களுக்கு மாணவ வழிகாட்டியாக, எங்கள் வளாகத்து வழக்கில் சொன்னால் ‘மென்டராக’, என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தேர்வுக்கு அவர்கள் வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: அரியர் இருக்கக் கூடாது, மதிப்பெண் சராசரி எட்டுக்குக் கீழே இறங்கியிருக்கக் கூடாது.

சென்ற வாரம் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. முதல் நாள் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடியவே பதினொன்றரை ஆகிவிட்டது. அதன்பின் வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் தலைமைப் பண்பு குறித்து இரண்டு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார், நாங்களும் கைதட்டினோம். மறுநாள் நூலகம், ஆய்வகம், விடுதி விதிகள் ஆகியவற்றைத் திரையில் காட்டினார்கள். மாலையில் சான்றிதழும், அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட நீல நிறப் பட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு ஜூனியர் எதிரில் வந்து உட்கார்ந்தால் முதலில் என்ன பேசுவது என்பதை அந்த இரண்டு நாளில் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு ஒதுக்கியிருப்பது பன்னிரண்டு பேர். வகுப்புகள் தொடங்க இன்னும் பதினெட்டு நாட்கள் இருக்கின்றன. இந்தப் பணியைச் செய்தவர்களோ, செய்பவர்களுக்குப் பயிற்சி அளித்தவர்களோ இங்கே இருந்தால், இந்த இடைவெளியில் நான் உண்மையாகவே பழகிக்கொள்ள வேண்டியது எது என்று சொல்லுங்கள். நீலப் பட்டையைக் கட்டிக்கொண்டு திருதிருவென்று விழிக்க எனக்கு விருப்பமில்லை.

பழைய வாத்தியார்

மகளே, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணை உறுத்தியது பன்னிரண்டு என்ற எண். பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ராகிங் தடுப்பு ஒழுங்குமுறைகளில், ஒவ்வொரு நிறுவனமும் கல்வியாண்டின் முடிவில், தாமாக முன்வரும் மாணவர்களைக் கொண்டு அடுத்த ஆண்டுக்கான வழிகாட்டிக் குழுவை அமைக்க வேண்டும் என்றும், ஆறு புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கில் அது இருக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அதே வரியில், ஆறு வழிகாட்டிகளுக்கு மேல்நிலையில் இன்னொரு வழிகாட்டி இருக்க வேண்டும் என்றும் உள்ளது. பெரும்பாலான கல்லூரிகளில் முதல் பாதியைப் பாதியாகச் செய்வார்கள். இரண்டாம் பாதி இருப்பதே தெரியாது. உங்களைக் கேட்க உங்களுக்கு மேல் ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான் முதலில் விசாரியுங்கள்.

இந்த ஏற்பாடு ராகிங் தடுப்பு விதிகளுக்குள்ளே ஏன் இருக்கிறது என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. 1996இல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொலை செய்யப்பட்டார் என்ற செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. 1997இல் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய ராகிங் தடைச் சட்டம் இங்கே வந்தது. பின்னர் உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி ஆர்.கே.ராகவன் தலைமையில் அமைந்த குழு 2007இல் அறிக்கை தந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மற்றொரு மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரிழந்த பிறகு மானியக் குழுவின் விதிகள் வந்தன. ஆகவே வழிகாட்டி என்பவர் முதலில், சீனியர் என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பிள்ளையின் வயிற்றில் புளி கரையாமல் இருப்பதற்காக ஏற்படுத்தப்பட்டவர். தலைமைப் பண்பெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

பதினோராண்டுகள் புதுமுக மாணவர் வரவேற்புப் பணியை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: குத்துவிளக்கு ஏற்றும் பயிற்சிகளை நானும் நடத்தியிருக்கிறேன்.

அரியர் அரசன்

எட்டுக்கு மேல் சராசரி இருந்தால்தான் மென்டர் என்ற விதியைப் பற்றித் தனியாகவே ஓர் இழை தொடங்கலாம். முதல் பருவத்தில் கணிதத்தில் தோற்று, மூன்றாம் பருவத்தில் அதை முடித்தவன் நான். கல்லூரி என்னை அழைக்கவில்லை. ஆனால் என் விடுதித் தளத்தில் இருந்த ஜூனியர்கள் அழைத்தார்கள்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேர்ந்த ஒரு தம்பி, பதிவேடு எழுத அளவுகோல் கடன் கேட்டு மூன்று இரவுகள் தொடர்ந்து என் அறைக்கு வந்தான். மூன்றாம் இரவில்தான் எனக்கு உறைத்தது, அவன் பையில் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருந்தது. உட்காரச் சொல்லிக் கணித நோட்டை வாங்கிப் பார்த்தேன். கரும்பலகையில் இருந்ததை ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருந்தான். வலப்பக்க ஓரத்தில் பென்சிலால் சிறு சிறு கேள்விக்குறிகள். ‘டிட்டர்மினன்ட்’ என்ற சொல்லுக்கு எதிரே ஒன்று, ‘டெரிவேட்டிவ்’ என்பதற்கு எதிரே ஒன்று, ‘லிமிட்’ என்பதற்கு எதிரே இரண்டு. நான் ‘அணிக்கோவை, வகைக்கெழு, எல்லை’ என்று எழுதிக் காட்டினேன். “இவ்வளவுதானாண்ணா? இது எனக்குத் தெரியுமே” என்றான். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவன், மூன்று வாரமாகத் தனக்குக் கணிதமே வராது என்று நம்பிக்கொண்டிருந்தான்.

அன்றிரவே நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்திகளாகப் பிரித்து, பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல்களின் பின்பக்கக் கலைச்சொல் பட்டியலைப் பார்த்து எழுதத் தொடங்கினோம். அந்த நோட்டு அடுத்த ஆண்டு வேறு ஒருவர் கைக்குப் போனது. அக்கா, உங்களுக்கு மீதமிருக்கும் பதினெட்டு நாளில் செய்ய இதைவிட உருப்படியான வேலை எனக்குத் தெரியவில்லை.

மேற்குச்சாரல்

எல்லோரும் உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வியை வைக்கிறேன். ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் கல்லூரியில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரை முழுநேரப் பணியில் அமர்த்துவதற்குச் செலவாகும். மூன்றாமாண்டு மாணவியின் கழுத்தில் நீலப் பட்டை மாட்டுவதற்கு என்ன செலவாகும்? அங்கீகாரக் குழு பார்வையிட வரும்போது காட்டுவதற்குக் கோப்பும் தயார். சம்பளம் கிடையாது, வருகைப்பதிவில் சலுகை கிடையாது. ஏதேனும் விபரீதம் நடந்தால் மட்டும் “மென்டர் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை” என்று கேட்பார்கள். சம்பந்தப்பட்டவருக்கு எழுத்துப்பூர்வமாகப் பணி வரையறை கொடுக்காத கல்லூரியில் இந்தப் பொறுப்பை ஏற்கவே கூடாது என்பது என் கருத்து.

பழைய வாத்தியார்

மேற்குச்சாரல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். வரையறை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது முற்றிலும் சரி. ஏற்கவே கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. ஏனெனில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தபோது, ஏறத்தாழ இருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்ததும், மானியக் குழு 2019இல் ‘தீக்‌ஷாரம்ப்’ என்ற பெயரில் கையேடு வெளியிட்டதும் நல்ல முயற்சிகள்தாம் என்றாலும், இரவு பதினொரு மணிக்கு விடுதியில் அழும் பிள்ளை ஆசிரியரைத் தேடி வருவதில்லை. அது பக்கத்து அறைக்குத்தான் போகும். பக்கத்து அறையில் இருப்பவருக்குப் பயிற்சி இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

மகாவலி ஓரம்

நான் இலங்கையில், பேராதனையில் படித்தவன். இப்போது அங்கே இல்லை. எங்கள் பக்கத்தில் ராகிங்கைப் பகிடிவதை என்போம். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்ததும், பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்ததும் அங்கே படித்த எவருக்கும் தெரிந்த வரலாறு. சட்டம் வந்துவிட்டது என்பதற்காகச் சீனியரைக் கண்டதும் நெஞ்சு படபடப்பது நின்றுவிடவில்லை.

அதனால் தங்கை பழக வேண்டிய முதற்காரியம் தன் சொந்த இருப்பின் கனத்தைக் குறைப்பது என்று சொல்வேன். புதிய பிள்ளையிடம் “ஏதும் பிரச்சினை இருக்கா?” என்று நாம் கேட்டால், “இல்லை அண்ணா” என்ற ஒரே மறுமொழிதான் வரும், அது மறுமொழி அன்று, தற்காப்பு. நான் கற்றுக்கொண்டது மிகவும் தாமதமாகத்தான்: “இண்டைக்கு மத்தியானம் எங்கை சாப்பிட்டீர்?” என்று கேட்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் காசு வரும், காசைப் பற்றி வந்தால் வீடு வரும், வீடு வந்த பிறகு மற்றதெல்லாம் தானாக வரும். நின்றுகொண்டு பேச வேண்டாம். உங்கள் அறைக்கு வரச் சொல்லவும் வேண்டாம். கன்டீனிலோ மரத்தடியிலோ, அவர் எழுந்து போக நினைத்தால் போகக்கூடிய இடத்தில், பக்கத்தில் இருந்து பேசுங்கள். எதிரெதிரே இருந்தால் நேர்முகப் பரீட்சை போலாகிவிடும்.

ஆற்றுப்படுத்துநர்

கல்லூரி மாணவ வழிகாட்டிகளுக்குப் பயிற்சி அளிப்பது என் தொழிலின் ஒரு பகுதி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் புனைபெயரைப் பற்றி ஒரு சொல்: ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வது. அந்தப் பாணன் தன் பெருமையைக் கொஞ்சம் பேசுவான்தான். ஆனால் எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், எந்தப் பாதையில் கால் வழுக்கும் என்பதையும் சொல்லாமல் விடமாட்டான். இரண்டு மணி நேரத் தலைமைப் பண்பு உரையில் அந்த வழுக்குப்பாறைகள் இருந்தனவா என்று தங்கையே சொல்லட்டும்.

பயிற்சியில் மிகக் கடினமான பகுதி அறிவுரை சொல்லாமல் இருப்பதுதான். மூன்று பேராக உட்காருங்கள். ஒருவர் ஜூனியர், ஒருவர் வழிகாட்டி, மூன்றாமவர் கையில் கடிகாரம். ஜூனியராக நடிப்பவர் தனக்கு உண்மையிலேயே நேர்ந்த, இப்போது ஆறிவிட்ட ஒரு சிறு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். வழிகாட்டி எத்தனையாவது நொடியில் “நீ என்ன பண்ணு…” என்று தொடங்குகிறார் என்பதை மட்டும் மூன்றாமவர் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை செய்பவர்களில் ஒரு நிமிடத்தைத் தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லி, “நான் புரிந்துகொண்டது சரியா?” என்று கேட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகுங்கள். மூன்று நாள் இதைச் செய்தாலே வேறுபாடு தெரியும்.

அடுத்தது இரகசியம். “யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் சொல்வேன்” என்று ஒரு பிள்ளை வரும். அந்தச் சத்தியத்தைச் செய்யவே கூடாது. “நீ சொல்வதை நான் வம்பாகப் பேசமாட்டேன், ஆனால் உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன், அதையும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்று முதல் சந்திப்பிலேயே, பிரச்சினை எதுவும் இல்லாத நேரத்திலேயே, எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். பிறகு சொன்னால் அது துரோகம் போலத் தோன்றும்.

தற்கொலை எண்ணம் குறித்துக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தவர்களாகிவிடுவோம் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அது தவறு என்பதில் இத்துறையினருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. சுற்றி வளைக்காமல், “செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?” என்று அமைதியாகக் கேட்க வேண்டும். “அப்படியெல்லாம் தப்பாக எதுவும் நினைக்கவில்லைதானே?” என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம். இந்த ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று முறை குரல் நடுங்கும். ஆம் என்ற பதில் வந்தால் அந்த மாணவரைத் தனியே விடாதீர்கள்; 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அவருடன் அமர்ந்தே அழையுங்கள், விடுதிக் காப்பாளரையோ ஆலோசகரையோ பார்க்க உடன் நடந்து செல்லுங்கள். எண்ணைக் கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது ஒப்படைப்பு ஆகாது. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வின் தன்னார்வலர்கள் மருத்துவர்கள் அல்லர்; ஆனாலும் பயிற்சி பெறாமல் எவரும் அங்கே தொலைபேசியை எடுப்பதில்லை.

வைகைக்கரையாள்

நேற்றிரவு அறைத்தோழிகள் இருவருடன் அந்தக் கடிகாரப் பயிற்சியைச் செய்தேன். நான் முப்பத்தெட்டாவது நொடியில் அறிவுரையைத் தொடங்கிவிட்டேன். இன்னொருத்தி இருபதைத் தாண்டவில்லை. அவள் சொன்ன சங்கடம், முதலாண்டில் விடுதி உணவுக்கூடத்தில் தனியாக உட்காரக் கூச்சப்பட்டு இரண்டு வாரம் அறையில் பிஸ்கட் மட்டும் தின்றது. இரண்டாண்டுகளாக ஒரே அறையில் இருக்கிறோம், எனக்கு இது தெரியாது.

ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஜூனியர்களைப் பற்றி அறிக்கை எழுதித் துறையில் தர வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ‘குடும்பப் பின்னணி’, ‘தனிப்பட்ட பிரச்சினைகள்’ என்று கட்டங்கள் இருக்கின்றன. ஆற்றுப்படுத்துநர் அக்கா, இவற்றை நிரப்பலாமா?

மேற்குச்சாரல்

இதைத்தான் நான் சொன்னேன். வழிகாட்டி என்று பெயர் வைத்து ஒற்றர் வேலை வாங்குகிறார்கள்.

ஆற்றுப்படுத்துநர்

நிரப்ப வேண்டாம். சந்தித்த நாள், எத்தனை பேர் வந்தார்கள், பொதுவாக எழுந்த குறைகள் (குடிநீர், பேருந்து நேரம், ஆய்வகப் பதிவேடு), மேல்நிலைக்கு அனுப்பிய விவரம் உண்டா இல்லையா என்பவை போதும். பெயரோடு கூடிய தனிச் செய்தி, ஆபத்து இருக்கும்போது மட்டும், உரிய ஒருவரிடம், வாய்மொழியாகவோ மூடிய உறையிலோ போக வேண்டும். துறை அலுவலக மேசையில் கிடக்கும் படிவத்தில் போகக் கூடாது. ராகிங் பற்றிய முறையீடு மட்டும் இதில் சேராது: அதை உடனே ராகிங் தடுப்புக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். கல்லூரிக்குள் சொல்ல அஞ்சினால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

அரியர் அரசன்

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை; முதல் மாதத்தில் வரும் கேள்விகளில் பாதி அதுதான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் யாருக்கு வரும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு இல்லாவிட்டால் ஏன் வராமல் நிற்கும், முதல் பட்டதாரி சான்றிதழை எங்கே வாங்குவது என்பவற்றை விரல்நுனியில் வைத்திருங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். அக்டோபரில் சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973இல் தொடங்கிய ஒரு முறையைப் பற்றிப் படித்தேன். அங்கே அவர்கள் ‘படிப்பில் பின்தங்கிய மாணவர்’ என்று எவரையும் பிரித்தெடுப்பதில்லை. பலரும் தோற்கும் கடினமான பாடத்தைப் பிரித்தெடுத்து, அதில் முன்பே தேறிய மாணவர் ஒருவரை மறுபடி அந்த வகுப்பில் உட்காரவைத்து, பிறகு யார் வேண்டுமானாலும் வரக்கூடிய குழுப் படிப்பை நடத்தச் சொல்கிறார்கள். வெட்கம் என்பதே எழாது. அந்தக் கணித நோட்டை நான் அந்தத் தம்பிக்கென்று தனியாகத் தொடங்காமல் தளத்துக்கே பொதுவாக வைத்திருந்தால், பின்னர் அதைத் தேடி வந்த மற்ற நால்வரும் மூன்று வாரம் முன்னதாக வந்திருப்பார்கள் என்று அதைப் படித்த பிறகு தோன்றியது.

வைகைக்கரையாள்

வகுப்புகள் தொடங்கி நான்கு நாட்கள் ஆகின்றன, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2009 ஒழுங்குமுறையின் அந்த வரியை அச்செடுத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் மேடத்தைப் பார்த்தேன். படித்துவிட்டு, “அடுத்த ஆண்டு பார்க்கலாம்மா” என்றார். படிவத்தின் இரண்டு கட்டங்களைக் காலியாக விடுவதற்கு மட்டும் தடையில்லை என்றார். எனவே பன்னிரண்டு பேரை நானும் என் அறைத்தோழியுமாக ஆறு ஆறாகப் பிரித்துக்கொண்டோம். அவளுக்கு இரண்டு அரியர் இருப்பதால் நீலப் பட்டை கிடையாது. பட்டியலில் பன்னிரண்டு பேரும் என் பெயரில்தான் இருக்கிறார்கள். பதினோராம் வகுப்புக் கலைச்சொற்கள் வரை நோட்டு முடிந்திருக்கிறது. அதைப் பொதுவாக விடுதிப் படிப்பறையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

முதல் சந்திப்பை உணவகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்தேன். மகாவலி அண்ணன் சொன்னபடி பிரச்சினை என்ற சொல்லையே எடுக்கவில்லை. மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஐந்து பேர் சொன்னார்கள். ஆறாவது பெண், “டிபன் பாக்ஸை ரூமில் வைத்துவிட்டேன் அக்கா” என்றாள். அவள் விடுதியில் தங்கியிருப்பவள். அவளுக்கு டிபன் பாக்ஸ் இருக்க வேண்டிய அவசியமில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில், என் தோழி அவளிடம், “இரவு எட்டு மணிக்கு நானும் தனியாகத்தான் மெஸ்ஸுக்குப் போகிறேன், வருகிறாயா?” என்று கேட்டாள். அந்தப் பெண் தலையசைத்தாள். இன்று மூன்றாவது நாளாக இருவரும் சேர்ந்து போயிருக்கிறார்கள். அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.